சிவந்த கண்ணும் சின்னப் போத்தலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



கண்ணுக்குப் பாவிக்கும் மருந்துகளைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். கேட்டதோடு, "வகுப்பெடுக்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். இந்த மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முந்திய பாடவேளை எவ்வளவு நீளமானது என்பது எங்களுக்கும் நினைவிருக்கிறது. ஆகையால் நிபந்தனையை ஏற்றுக்கொண்டோம்.

வன்னியில் எந்தச் சந்தியில் உள்ள மருந்துக்கடையிலும் நாளுக்கு ஒரு தடவையாவது கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "தம்பி, கண் சிவந்து போச்சுது, ஒரு துளி மருந்து தாங்கோ." தம்பியும் கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் கொடுப்பார். எங்கள் பேச்சு வழக்கில் அது "கண் மருந்து". தலையிடிக்குப் பனடோல் போல, கண்ணுக்குக் கண் மருந்து. ஆனால் அந்த அலுமாரியில் நிற்கும் போத்தல்கள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல. ஒன்று பக்றீரியாவைக் கொல்லும். இன்னொன்று பங்கசைக் கொல்லும். வேறொன்று எதையும் கொல்லாது, வீக்கத்தையும் சிவப்பையும் மட்டும் அடக்கும். மற்றொன்று கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். ஒவ்வாமைக்கு ஒன்று, வரண்ட கண்ணுக்கு ஒன்று, கண்மணியை விரிக்க ஒன்று, கண்ணை விறைக்கப் பண்ண ஒன்று. ஒரு நோய்க்குப் பார்வையைக் காப்பாற்றிக் கொடுக்கும் போத்தல், இன்னொரு நோய்க்குப் பார்வையைப் பறித்துவிடும். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இந்த ஒரு விடயம்தான். மற்றவையெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில் எங்கள் வீடுகளில் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமி அறைத் தட்டிலோ, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ, பாதி பாவித்த கண் மருந்துப் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கும். வெளியிடத்திலிருந்து வரும் வைத்தியர்கள் இதைக் கண்டு கோபிப்பதுண்டு. எங்களுக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய் மட்டுமல்ல, மருந்தும் எண்ணி எண்ணியே வந்த காலம். கிடைத்த மருந்தில் மிச்சம் பிடித்து வைத்த தாய்மார் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். பிறகு இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்வு. ஓடும்போது எடுத்த பையில் மருந்துப் பொட்டலமும் இருந்தது. அந்தக் கை இன்னும் எதையும் எறியாது. மாத்திரைகளில் இந்தச் சிக்கனம் சில வேளைகளில் உதவியிருக்கலாம். திறந்த கண் மருந்துப் போத்தலில் அது உதவாது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

சாதாரண கண்ணோயை முதலில் விரைவாகப் பார்த்துவிடுவோம். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த கிழமை அரைவாசி வகுப்புக்கும் வரும் அந்தக் கண்ணோய் பெரும்பாலும் வைரசினால் வருவது. தமிழ்நாட்டில் அதை மெட்ராஸ் ஐ என்கிறார்கள். 1969இல் கானாவில் தொடங்கி உலகைச் சுற்றிய ஒரு வகைக்கு, அதே ஆண்டு சந்திரனுக்குப் போன விண்கலத்தை வைத்து அப்பலோ நோய் என்றே பெயர் விழுந்தது. வைரசுக் கண்ணோயை நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து குணப்படுத்தாது. அது ஒன்று முதல் மூன்று கிழமைகளில் தானாகவே மாறும். ஆறவைத்த கொதிநீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைப்பது, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, துவாயையும் தலையணையையும் புறம்பாக வைப்பது ஆகியவைதான் வைத்தியம். பச்சையாகப் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொண்டால் பக்றீரியாவாக இருக்கலாம். அப்போது வைத்தியர் குளோரம்பெனிக்கோல் போன்ற சொட்டு மருந்து எழுதுவார். நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் வேண்டாம். பாட்டியை எதிர்த்துக் கதைக்கச் சொல்லவில்லை, கண்ணுக்குள் போவது கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். பிறந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளையின் கண் வீங்கிப் பீளை தள்ளினால் மட்டும் ஒரு நாளும் பார்த்திருக்கக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தர் அடுத்த முறை வரட்டும் என்று இராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வைரசுக் கண்ணோயில் கண் உறுத்தும், கலங்கும், கரகரக்கும். பீளையைத் துடைத்தால் பார்வை வழக்கம்போலத் தெரியும். கடுமையாக நோகிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, துடைத்த பிறகும் மங்கலாகத் தெரிகிறது, கறுப்பு விழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது என்றால் அது கண்ணோய் அல்ல. கண்ணில் ஏதாவது பட்ட பிறகு சிவந்திருந்தாலும் அதைக் கண்ணோய் என்று எடுக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் வன்னியின் கதை தொடங்குகிறது.

காலபோக அறுவடை நேரம் இரணைமடுவின் கீழே, அக்கராயனில், முத்தையன்கட்டில் நிற்பவர்களுக்குத் தெரியும், காற்றெல்லாம் நெற்சுணை. அருவி வெட்டிச் சூடடித்த காலத்திலும் சுணை இருந்தது. இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது, ஆனால் மெசினின் பின்னால் நின்று சாக்குப் பிடிப்பவரின் முகத்தில் அது இன்னும் கூடுதலாகவே அடிக்கிறது. வவுனியாப் பக்கம் உழுந்து அடிக்கும்போது கோதும் தூசியும். முல்லைத்தீவில் வலை இழுக்கும்போது மணல். இவற்றோடு பனங்கருக்கு, உடைமுள், வேலி அடைக்கும்போது தெறிக்கும் கம்பி. பால் கறக்கும்போது மாட்டின் வால் கண்ணில் அடிப்பதைச் சிலர் சிரிப்பாக எடுப்பார்கள். சாணியில் புரண்ட வால் கண்ணில் அடித்தால் அது சிரிக்கிற விடயம் அல்ல.

இவை எல்லாம் படுவது கண்ணின் முன்னால் உள்ள விழிவெண்படலத்தில். உயிரியல் பாடத்தில் படம் கீறிப் பெயர் குறித்திருக்கிறோம். பெயரில் வெண்மை இருந்தாலும் அது மணிக்கூட்டுக் கண்ணாடி போலத் தெளிவான ஒரு படலம். அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புத்தான். அதில் குருதிக் குழாய்கள் இல்லை, அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால், கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்கும் கலங்கள் வந்து சேரச் சுணங்கும். மேல்தோலில் ஒரு சிறு கீறல் விழுந்தால் அது கிருமிக்குத் திறந்த கதவு. கிருமி உள்ளே போய்ப் புண்ணாகினால், புண் ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நிற்கும். ஊரில் இதைத்தான் கண்ணில் பூ விழுந்தது என்கிறார்கள். எங்கள் சிறுவயதில் ஊருக்கு ஒருவராவது பூ விழுந்த கண்ணோடு இருப்பார். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தோம். அவர்களில் பலருக்கு ஒரு நெல் உமியோ ஒரு முள்ளோ போதுமாக இருந்திருக்கும்.

இந்தக் கதவை மூட முடியுமா என்று வயல் வேலை செய்யும் மக்களிடையே பார்த்திருக்கிறார்கள். காத்மண்டுப் பள்ளத்தாக்கில் உள்ள பக்தபூரில் ஏறத்தாழ 35,000 மக்களை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது, 2001இல் வெளியானது. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இதில் வேலை செய்யவில்லை. ஊரிலேயே பயிற்றப்பட்ட பணியாளர்கள், கண்ணில் கீறல் பட்டு வந்தவர்களுக்கு 1% குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு 3 தடவை, 3 நாட்களுக்குப் பூசினார்கள். அவ்வளவுதான். 48 மணித்தியாலத்துக்குள் வந்த 442 பேரில் 424 பேருக்குத் தொற்று இல்லாமல் ஆறியது. இதில் நாங்கள் பொன்னெழுத்தில் எழுத வேண்டியது ஒன்று உண்டு. காயம் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து, 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வந்தவர்கள் 49 பேர். அவர்களில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது.

களிம்பு ஒன்றுதான். வித்தியாசம் நேரத்தில் இருந்தது. காலையில் சுணை பட்டால் அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். "வெட்டு முடியட்டும், மெசினுக்குக் காசு கட்டியாச்சு, நாளையிண்டைக்குப் பாப்பம்" என்பதுதான் எங்கள் பகுதியில் கண்ணைக் கெடுக்கும் வசனம். துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவது ஒரு நாள் வேலை என்று எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் கிட்டடியில் உள்ள பிரதேச வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கேயே கண்ணைக் கழுவி, சாயம் விட்டுக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கலாம். எந்த மருந்து என்பதை அங்குள்ள வைத்தியர் தீர்மானிக்கட்டும். போகும் வரைக்கும் செய்யக்கூடியது சுத்தமான நீரால் கழுவுவது. கசக்கக் கூடாது. சேலைத் தலைப்பாலும் லேஞ்சி நுனியாலும் கிண்டி எடுக்கவும் கூடாது.

இனி ஸ்டீரொயிட்டுக்கு வருவோம். அறுவடைக் காலத்தில் கண் சிவந்து மருந்துக்கடைக்குப் போகும் ஒருவருக்குக் கிடைக்கும் போத்தலில் பல தடவைகளில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். ஒன்று நுண்ணுயிர்க்கொல்லி, மற்றது ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட் என்பது உடல் கிருமியோடு போடும் சண்டையை நிறுத்தும் மருந்து. சிவப்பும் நோவும் வீக்கமும் உண்மையில் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டை நின்றால் அடையாளங்களும் மறையும். இரண்டு நாளில் கண் வெளுத்துவிடும். "நல்ல மருந்து, உடனே கேட்டது" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்கள். ஆனால் அந்தப் புண்ணில் இருப்பது பங்கசு என்றால், அதைத் தடுக்க ஆளில்லாமல் போய்விட்டது. கூட இருந்த நுண்ணுயிர்க்கொல்லி பங்கசைத் தொடாது. நெற்பயிரிலும் மண்ணிலும் இருக்கும் புசேரியம், அஸ்பெர்ஜிலஸ் போன்ற பங்கசுகள்தான் எங்களைப் போன்ற வெப்ப நாட்டு வயல்களில் கண்ணுக்குள் போகின்றன. ஸ்டீரொயிட் விட்ட கண்ணில் அவை ஆழமாக வேர் விடும்.

எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம். பெயரும் ஊரும் வேண்டாம். நாற்பது வயது கடந்தவர், சாக்குப் பிடித்துக் கொண்டிருக்கும்போது சுணை பட்டது. ஒரு மருந்துக்கடையில் வாங்கிய போத்தலைப் பத்து நாட்கள் விட்டார். முதல் நான்கு நாட்கள் சுகம். வயலுக்கும் போனார். ஐந்தாம் நாள் மீண்டும் சிவந்ததும் போத்தலைக் குறை சொல்லவில்லை, துளிகளைக் கூட்டினார். எங்களிடம் வரும்போது கறுப்பு விழியின் நடுவில் உளுந்தளவு வெள்ளை, அதன் ஓரம் இறகு போலப் பிசிறு. உள்ளே கீழ்ப்பக்கத்தில் சீழ் மட்டம் கட்டியிருந்தது. கையில் அந்தப் போத்தலையும் கொண்டு வந்திருந்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். போத்தலின் பெயரைப் பார்த்ததும் மிச்சக் கதை விளங்கிவிட்டது. கண் சிகிச்சைப் பிரிவில் அனுமதித்துப் புண்ணைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பங்கசு இழைகள் தெரிந்தன. ஸ்டீரொயிட்டை நிறுத்தி, நட்டமைசின் சொட்டு மருந்தை மணிக்கொரு தடவை விடத் தொடங்கினார்கள். மனைவி அலாரம் வைத்து விட்டார். பல கிழமைகள் எடுத்தது. கண் மிஞ்சியது. பூவும் மிஞ்சியது. இப்போது அந்தக் கண்ணால் கை அசைவதைப் பார்ப்பார், முகம் தெரியாது.

நட்டமைசின் பெரும் புதுமை இல்லை, பழைய மருந்து. புதிய மருந்தாகிய வொரிகொனசோல் அதைவிட நல்லதா என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை முதன்மையாகக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. 2013இல் முடிவு வந்தபோது பழைய நட்டமைசினே வென்றது, குறிப்பாகப் புசேரியத்துக்கு எதிராக. அரவிந்த் 1976இல் மருத்துவர் வெங்கடசாமி சில கட்டில்களோடு தொடங்கியது. 1992 முதல் அவர்களுடைய ஒரோலாப் கண்வில்லைகளையும் பிறகு கண் மருந்துகளையும் குறைந்த விலையில் செய்துவருகிறது. வயல் நாட்டுக் கண்ணுக்கு வயல் நாட்டிலேயே விடை தேடியிருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

பூ விழுந்த கண்ணுக்குக் கடைசி வழி, இறந்த ஒருவர் தானம் செய்த விழிவெண்படலத்தை மாற்றி வைப்பது. அதில் எங்கள் நாடு உலகத்துக்கே கொடுக்கும் நாடு. ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்களை அனுப்பியது. ஆனால் பங்கசு தின்ற கண்ணில் மாற்று வைத்தாலும் எல்லாருக்கும் நிலைப்பதில்லை. 3 நாள் களிம்போடு முடிய வேண்டிய விடயம் அது.

ஸ்டீரொயிட்டை நாங்கள் வில்லனாக்கவில்லை. கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பின் அது வேண்டும். கண்ணின் உள்ளே வரும் சில அழற்சிகளில் அது இல்லாவிட்டால் பார்வை போகும். வைத்தியர் கண்ணைக் கருவியில் பார்த்து, எத்தனை துளி, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று கொப்பியில் எழுதித் தரும்போது அது நல்ல மருந்து. நாங்கள் பயப்படுவது எழுதாத ஸ்டீரொயிட்டுக்கு. போத்தலில் டெக்ஸாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன், புளூரோமெத்தலோன் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். சோன், லோன் என்று முடிவது என்று தங்கைமார் மனதில் வைத்துக்கொள்ளலாம், சோதனைக்கு வராது. ஹேர்பிஸ் வைரசினால் வரும் விழிவெண்படலப் புண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. அசைக்ளோவிர் களிம்பு வேண்டிய இடத்தில் ஸ்டீரொயிட் மட்டும் போனால் கிளை கிளையாக இருந்த புண் ஒரு தேசப்படமாக விரியும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு முறைப்பாடு. எங்கள் கிறவல் வீதிகளின் தூசியில் ஓடித்திரியும் பையன்களுக்கு வரும் கண் ஒவ்வாமை வருடக்கணக்காக நிற்கும். எந்த நேரமும் கண்ணைக் கசக்குவான், நூல் நூலாகப் பீளை வரும். ஒரு தடவை வைத்தியர் ஸ்டீரொயிட் கொடுத்து ஒரு கிழமையில் நிறுத்தியிருப்பார். தாயார் அந்த வெறும் போத்தலைக் காட்டிக் காட்டி இரண்டு வருடம் வாங்குவார். ஸ்டீரொயிட் சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கண் அழுத்தம் கூடும், சிலருக்கு மிகவும் கூடும். நோ இருக்காது, சிவப்பும் இருக்காது. கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லும்போது கண் நரம்பு பாதி போயிருக்கும். ஒவ்வாமைக்கு ஒலோபட்டடீன், குரோமோகிளைக்கேற் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைப்பதும் உதவும். மெதுவாகத்தான் கேட்கும், ஆனால் கண்ணைத் தின்னாது.

வெல்டிங் வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை, வீட்டில் சொல்லிவிடுங்கள். கண்ணை விறைக்கப்பண்ணும் சொட்டு மருந்து ஆஸ்பத்திரியில் இரும்புத் துகள் எடுக்கும்போது விடுவது. அதை வாங்கி வைத்து நோவுக்கு விடத் தொடங்கினால் விழிவெண்படலம் ஆறாது, கரையும்.

மேலே சொன்னவை எல்லாம் கண்டபடி விடக் கூடாத மருந்துகள். கண் அழுத்த நோய்க்காரரின் மருந்து நேர்மாறு. அதை விட மறக்கக் கூடாது. அம்மாவுக்கு ரிமோலோல் அல்லது லற்றனோபுரொஸ்ற் எழுதியிருப்பார்கள். விட்டாலும் பார்வை கூடாது, விடாவிட்டாலும் உடனே குறையாது. ஆகவே போத்தல் முடிந்ததும், "கண் நல்லாத்தான் தெரியுது பிள்ளை" என்று நிறுத்திவிடுவார். அந்த மருந்தின் வேலை இருக்கும் பார்வையைக் காப்பது. போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்களுக்கு மிகவும் கவலை தந்தவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் நோவு இல்லாதவர் வரிசையில் நின்று சண்டை பிடிக்கமாட்டார். ரிமோலோல் பற்றி இன்னொன்று. கண்ணில் விட்டது மூக்குவழியாக இறங்கி இரத்தத்தில் சேரும். தொய்வு உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பும், இதயத் துடிப்பை மந்தமாக்கும். அம்மாவுக்குத் தொய்வு இருந்தால் கண் வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். கண் கிளினிக்குக்கும் தொய்வுக்கும் என்ன தொடர்பு என்று அவர் சொல்லாமலே இருந்துவிடுவார்.

இனி வெளிநாட்டு அக்காமாரோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். உங்கள் பயணப்பெட்டியில் சொக்லேற்றுக்குப் பக்கத்தில் கண் மருந்தும் வருகிறது. பிரித்தானியாவில் 2005 முதல் குளோரம்பெனிக்கோல் சொட்டு மருந்தை வைத்தியர் துண்டு இல்லாமலே பார்மசியில் வாங்கலாம். அங்கே அது குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லி விற்கப்படுகிறது. இங்கே பங்குனி வெயிலில் ஏ9 வீதியால் வந்து, மின்சாரம் நின்று நின்று வரும் வீட்டில் கிடக்கிறது. திறக்காத லற்றனோபுரொஸ்றுக்கும் பெரும்பாலும் குளிர் வேண்டும். எந்த மருந்தை வாங்கினாலும் முதலில் அம்மாவின் கிளினிக் கொப்பியை வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் உள்ள மருந்தையே வாங்குங்கள். உங்களுக்கு எழுதிய மருந்தில் மிஞ்சியதைக் கொண்டு வராதீர்கள்.

திறந்த போத்தல் ஏன் கூடாது என்று கேட்டிருந்தோம். போத்தல் நுனி இமையில் ஒரு தடவை தொட்டால் போதும், கிருமி உள்ளே போகும். போத்தலில் உள்ள காப்பு மருந்து கொஞ்ச நாள்தான் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலான போத்தல்களைத் திறந்து 4 கிழமையில் எறிய வேண்டும். தொழிற்சாலையிலேயே கெட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதை 2023இல் உலகம் பார்த்தது. சென்னைக்கு அருகே செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்பனையான செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபட்ட தொற்றில், அங்கே 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டி வந்தது, 4 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் எங்கள் நாட்டிலும், நுவரெலியாவில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலரின் பார்வை இழப்பு, இறக்குமதியான ஒரு பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. இப்படியானவை அரிது. இதைக் கேட்டு சத்திரசிகிச்சைக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். மருந்து விட்ட பிறகு கண் நோவெடுத்தால், மங்கினால் அன்றைக்கே போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். போத்தல் இருந்தால்தான் தொகுதி இலக்கத்தைப் பார்க்கலாம், மற்றவர்களைத் தடுக்கலாம்.

போத்தலில் பெயர் எங்கே பார்ப்பது? பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் இந்தச் சின்ன எழுத்துப் பெயரைப் பற்றித்தான். கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து 150 வருடத்துக்கு மேலாகிறது, எங்கள் கைக்கு வரும் கண் மருந்துப் போத்தல்களில் இன்னும் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைதான் மருந்தாளர். தங்கைமாரே, அது நீங்கள்தான். அம்மம்மாவின் போத்தலை எடுத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள். கிளினிக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். திறந்த திகதியைப் பேனையால் போத்தலில் எழுதுங்கள்.

விடும் முறை இது. கை கழுவி, தலையை அண்ணாந்து, கீழ் இமையை இழுத்தால் ஒரு சின்னப் பை திறக்கும். அதற்குள் ஒரு துளி. அந்தப் பைக்கு ஒரு துளிக்கே இடம் போதாது, இரண்டாவது துளி கன்னத்தில் வழியும் காசு. கண்ணை மூடி, மூக்கோடு சேரும் உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது, தொய்வுக்காரருக்கு இது முக்கியம். இன்னொரு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் கழித்து. களிம்பு கடைசியில்.

பின்பக்க மேசையில் தண்ணீர் நிரப்பிய போத்தல்கள் சில வைத்திருக்கிறோம். தேத்தண்ணி இடைவேளையில் விட்டுப் பழகலாம். கைப்பையில் கண் மருந்து கொண்டு வந்திருப்பவர்கள், இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள் என்று தெரியும், அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பெயரைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். வயலில் வேலை செய்பவர்களுக்கான சாதாரண பாதுகாப்புக் கண்ணாடிகளும் அங்கே இருக்கின்றன. சங்கத்தின் செலவில் வாங்கியவை, மாசியில் வெட்டுத் தொடங்க முன் கொண்டு போய்க் கொடுங்கள்.